இறப்பர் பாலும் மைக்கல் பரடேயும்

மைக்கல் பரடே என்றதும் நம் எல்லோருக்கும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்து மின்னோட்டம் எடுத்தவர் என்று சாதாரண தரத்திலேயே படித்துவிடுகிறோம். உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்தவர்களுக்கு மின்பகுப்பு விதிகளில் மறுபடியும் அவர் பெயர் வரும். அவர் இறப்பர் பாலையும் ஆராய்ந்தார் என்பதை மட்டும் நான் படித்த பாடநூல் எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அதைத் தேடிப் போக வைத்தவர் கேகாலையில் இருக்கும் என் சாச்சா.

எங்கள் நானுஓயாவில் இறப்பர் மரம் கிடையாது. தேயிலையும் மரக்கறியும்தான். இந்த உயரத்துக்கும் குளிருக்கும் இறப்பர் வராது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி ஹற்றன், நாவலப்பிட்டி எல்லாம் தாண்டி, கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கி, இறம்புக்கனையில் பஸ் பிடிக்க வேண்டும். சாச்சாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் இறப்பர் இருக்கிறது. விடியும் முன்பே பால் வெட்டி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். வாளிக்குள் கொஞ்சம் அமோனியா விட்டால்தான் அது பாலாகவே விற்பனைக்குப் போகும். ஒரு விடுமுறையில் நான் அங்கிருந்தபோது அமோனியா முடிந்துவிட்டது. அடுத்த நாள் வாங்கலாம் என்று விட்டார்கள். மாலைக்குள் இரண்டு வாளிப் பாலும் வாளியின் வடிவத்திலேயே கட்டிபட்டு நின்றது. பாலின் விலை போய், கட்டிப் பாலின் விலைதான் கிடைத்தது. சாச்சா ஒன்றும் பேசவில்லை. வெட்டிய அக்காவுக்கு அன்றைய கூலியைக் குறையாமல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பால் ஏன் கட்டியாகிறது என்று கேட்பது வழக்கம். எனக்கோ, அது இவ்வளவு நேரம் ஏன் கட்டியாகாமல் இருந்தது என்பதுதான் வியப்பாக இருந்தது. இறப்பர் தண்ணீரில் கரையாத பொருள். ஒரு துண்டு இறப்பரோடு இன்னொன்று ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அப்படியிருக்க, பாலுக்குள் கோடிக்கணக்கான இறப்பர்த் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதியும் ஒட்டாமல் மிதப்பது எப்படி? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் பரடே எதிர்ப்பட்டார்.

அவர் 1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி, இப்போது தென் இலண்டனாகிவிட்ட நியூயிங்ரன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்பு வேலை செய்யும் கொல்லர். அடிக்கடி நோயில் விழுவார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. நான்கு பிள்ளைகளில் மைக்கல் மூன்றாமவர். 1801 இல் தானிய விலை ஏறிய காலத்தில் ஒன்பது வயது மைக்கலுக்கு ஒரு பாணைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அதை வைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, இவ்வளவோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804 இல் ஜோர்ஜ் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடிந்ததும் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழு ஆண்டுப் பயிற்சியாளராக ரீபோ அவரை ஏற்றுக்கொண்டார். அதற்கு வழக்கமாகக் கட்ட வேண்டிய பணத்தையும் அவர் கேட்கவில்லை. தைக்க வந்த புத்தகங்களைப் பையன் படிப்பதையும் தடுக்கவில்லை. பரடேயின் வாழ்க்கையை எழுதுபவர்கள் டேவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்த ரீபோவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அங்கே கட்ட வந்த புத்தகங்களில் இரண்டு அவரை மாற்றின. ஒன்று பிரித்தானியக் கலைக்களஞ்சியம். அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். மற்றையது இரசாயனவியல் பற்றிய உரையாடல்கள் என்ற நூல். இது 1806 இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியைக்கும் கரோலின், எமிலி என்ற இரு மாணவிகளுக்கும் இடையில் நடக்கும் பேச்சாக, பெண்பிள்ளைகள் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. எழுதியவர் ஜேன் மார்செற் என்ற பெண்மணி. முதலில் தம் பெயரைப் போடாமலேயே வெளியிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு இருந்த கல்லூரி வாசல்கள் எதுவும் திறக்காத பெண்களுக்காக ஒரு பெண் எழுதிய நூலை, அதே வாசல்கள் திறக்காத ஒரு கொல்லர் மகன் படித்தான். நூலில் சொன்ன சிறு சோதனைகளைத் தன் கைக்காசில் வாங்கிய பொருள்களால் செய்து பார்த்து, அது சொல்வது உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றபின் பரடே தம் ஆய்வுக் கட்டுரைகளின் பிரதிகளை மார்செற் அம்மையாருக்கு நன்றிக் கடனாக அனுப்பி வைப்பது வழக்கம்.

1812 இல் கடைக்கு வரும் ஒருவர், ரோயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளுக்கு அனுமதிச்சீட்டுக் கொடுத்தார். பரடே மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தார். வீட்டில் அதை விரித்தெழுதி, படம் வரைந்து, தாமே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813 மார்ச்சில் வாரம் 25 ஷிலிங் சம்பளத்தில், மேல்மாடியில் இரண்டு அறைகளோடு, ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் டேவி தம்பதியரோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுக்கவே, அந்த வேலையும் பரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஒன்றரை ஆண்டுகள் இப்படிப் போயின. அதே பயணத்தில்தான் ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளை நேரில் கண்டார், பிரெஞ்சும் இத்தாலியும் கற்றார்.

திரும்பி வந்தபின் அவர் வாழ்க்கை ரோயல் நிறுவனத்திலேயே கழிந்தது. 1821 இல் சாரா பார்னார்டை மணந்தார். பிள்ளைகள் இல்லை. மேல்மாடி அறைகளிலேயே குடும்பம் நடந்தது. குளோரீன் வாயுவைத் திரவமாக்கியது 1823 இல், பென்சீனைப் பிரித்தெடுத்தது 1825 இல். இவற்றை இங்கே வேகமாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டிய போத்தல் 1826 இல் இருக்கிறது.

அந்தக் காலத்து இலண்டனில் தோமஸ் ஹான்கொக் என்பவர் இறப்பர்ப் பொருள்கள் செய்யும் தொழிலை நடத்தினார். கப்பலில் வந்த இறப்பரெல்லாம் புகையூட்டிக் கறுத்த கட்டிகள். அழுக்கும் மரத்தூளும் கலந்திருக்கும். பரடேக்கு இறப்பர் முன்பே பழக்கம். 1824 இல் ஐதரசன் வாயுவை அடைப்பதற்காக இரண்டு இறப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டி, நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவி, பலூன் செய்திருக்கிறார். இறப்பரின் ஒட்டும் குணத்தை அவர் கை அறிந்திருந்தது. ஹான்கொக் இப்போது கொடுத்தது கட்டியாகாத பால். மெக்சிக்கோவின் தென்பகுதியிலிருந்து இறுக மூடிய போத்தலில் வந்தது. இளமஞ்சள் நிறம், பாலாடைபோல் தடிப்பு, புளித்துப்போன பாலின் நாற்றம்.

பரடே அதை நிறுத்தார், உலர்த்தினார், சூடாக்கினார், மதுசாரம் ஊற்றினார். சூடுபட்டதும் திரண்டது, மதுசாரத்திலும் திரண்டது. பிறகு அதில் நிறையத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை, பால் நீர்த்ததோடு சரி. அப்படியே வைத்தார். மெல்ல மெல்ல வெள்ளைப் பகுதி ஆடைபோல் மேலே மிதந்தது, அடியில் மங்கலான நீர் நின்றது. அடிநீரை எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். மறுபடியும் பாலாயிற்று, மறுபடியும் மேலே வந்தது. இப்படி நாலைந்து முறை கழுவினார். கடைசியில் கிடைத்த வெள்ளைப் பொருளை நீர் உறிஞ்சும் தளத்தில் பரப்பினார். முதலில் வெள்ளையாகவே இறுகி, ஈரம் போகப்போக நிறமற்ற, ஒளி ஊடுருவும் இறப்பராயிற்று. அழுக்கில்லாத இறப்பர் நிறமற்றது என்று ஐரோப்பாவில் பலர் அப்போதுதான் அறிந்திருப்பார்கள். அதைப் பகுத்து, காபனும் ஐதரசனும் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்டார். பாலின் நூறு பங்கில் ஏறக்குறைய 32 பங்கு இறப்பர், 56 பங்கு நீர், முட்டை வெண்கரு போன்ற புரதப் பொருள் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு, மீதி பிற பொருள்கள் என்றும் எழுதி வைத்தார். அதே 1826 இல்தான் ரோயல் நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை மாலை உரைகளை அவர் தொடங்கினார். பொதுமக்கள் வந்து கேட்ட அந்த உரைகளில் முதல் ஆண்டிலேயே இறப்பரும் ஒரு பொருளாக இருந்தது.

நான் நின்று யோசித்த இடம் அந்தக் கழுவல். நாலைந்து முறை தண்ணீர் மாற்றியும் துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளவில்லை. கலக்கியதும் பிரிந்து பாலாகின. அப்படியானால் அவற்றைப் பிரித்து வைத்திருந்தது நீரில் கரைந்திருந்த ஏதோ ஒன்று மட்டுமாக இருக்க முடியாது. அது துணிக்கையின் மேலேயே ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த மேற்பூச்சு என்னவென்று தெரியும். நம் நாட்டு இறப்பர் மரத்தின் பாலிலுள்ள ஒவ்வொரு துணிக்கையையும் புரதமும் பொசுபோலிப்பிட்டும் சேர்ந்த மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. துணிக்கைகள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தையோ அதற்கும் கூடுதலாகவோ வரிசையாக அடுக்கலாம். படலம் மறை ஏற்றம் கொண்டது. ஒரே வகை ஏற்றம் ஒன்றையொன்று தள்ளும், அதனால் துணிக்கைகள் நெருங்கினாலும் விலகிவிடுகின்றன. பக்றீரியா பாலிலுள்ள சீனியைத் தின்று அமிலம் ஆக்கும்போது அந்த ஏற்றம் குறைகிறது, தள்ளுதல் நிற்கிறது, பால் திரள்கிறது. சாச்சாவின் வாளியில் நடந்தது இதுதான். அமோனியா பக்றீரியாவை அடக்கி, பாலைக் காரமாக்கி, ஏற்றத்தைக் காக்கிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. நாள் செல்லச் செல்லப் படலத்திலுள்ள பொசுபோலிப்பிட்டுகள் உடைந்து கொழுப்பமிலங்கள் வெளிவருகின்றன. அவை அமோனியாவோடு சேர்ந்து சவர்க்காரமாகித் துணிக்கைகளின் மேலேயே படிகின்றன. சேமித்த பால் கலக்குவதையும் குலுக்குவதையும் புதுப் பாலைவிட நன்றாகத் தாங்குவது இதனால்தான்.

பரடே இந்தப் பக்கம் தொடர்ந்து வரவில்லை. 1831 ஆகஸ்ட் 29 ஆம் திகதி இரும்பு வளையத்தில் சுற்றிய இரண்டு சுருள்களால் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். அதன்பின் உலகம் அவரை வேறு பெயரால் அறிந்தது. ஆனால் மின்பகுப்பு ஆய்வுகளின்போது, 1834 இல், அவர் விட்டுப்போன ஒரு சொல் நம் கதைக்குத் தேவை. மின்னோட்டம் போகும்போது கரைசலில் ஏதோ ஒன்று ஒரு முனையை நோக்கியும் வேறொன்று மறுமுனையை நோக்கியும் நகர்கிறது. இவற்றுக்குப் பெயர் வேண்டும். பரடேக்குக் கிரேக்கம் தெரியாது. கேம்பிறிஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்தில் பிறந்ததுதான் அயன் என்ற சொல். கிரேக்கத்தில் செல்வது என்று பொருள். நேர் அயனும் மறை அயனும் அப்போது வந்தவையே.

இனி 1857 க்கு வருவோம். அவருக்கு வயது 65. 1840 களின் தொடக்கத்தில் அவருடைய உடல்நலம் உடைந்து சில ஆண்டுகள் ஆய்வையே நிறுத்த வேண்டி வந்தது. அதன்பின் நினைவு ஒருபோதும் முழுமையாகத் திரும்பவில்லை. செய்த சோதனையை மறந்து மறுபடி செய்ததும் உண்டு. ஒவ்வொன்றையும் எண் போட்டு நாட்குறிப்பில் எழுதினார். நாட்குறிப்பு அவருக்கு இரண்டாவது நினைவாக இருந்தது. அந்த நிலையில் அவர் எடுத்த கடைசிப் பெரிய வேலை பொன்னைப் பற்றியது. பொன் தகடு மஞ்சளாகத் தெரியும், ஊடே பார்த்தால் பச்சையாகத் தெரியும். ஒளிக்கும் உலோகத்துக்கும் என்ன உறவு என்று அறிவதே அவர் நோக்கம்.

பொன் உப்பின் கரைசலைப் பொசுபரசு கொண்டு தாழ்த்தியபோது நீர் மாணிக்கச் சிவப்பாயிற்று. கண்ணால் பார்த்தால் தெளிந்த சிவப்பு நீர். ஆனால் ஒளிக்கற்றையை உள்ளே விட்டால் அதன் பாதை பளிச்சென்று தெரிந்தது. ஆகவே இது கரைசல் இல்லை, மிக நுண்ணிய பொன் துணிக்கைகள் நீரில் மிதக்கின்றன என்று முடிவு செய்தார். இத்தகையவற்றுக்குக் கூழ் என்று பொருள்படும் பெயரைத் தோமஸ் கிரகாம் வைத்தது 1861 இல். பரடேயின் காலத்தில் இதற்குப் பெயர்கூட இல்லை.

சிவப்பு நீரில் கொஞ்சம் கறியுப்பு போட்டார். சிவப்பு நீலமாயிற்று, பிறகு பொன் அடியில் படிந்தது. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் அற்ப அழுக்கே நிறத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. கண்ணாடிப் பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருந்தது. நினைவு தடுமாறும் ஒரு முதியவர், ஒரு துளி உப்பால் பாழாகும் நீரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்தார். தூண்டலைக் கண்டுபிடித்ததைவிட இதில் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. அடுத்து, சிவப்பு நீரில் ஜெலற்றினைச் சேர்த்தார். எலும்பையும் தோலையும் அவித்து எடுக்கும் அதே ஜெலற்றின்தான். அது சேர்ந்தபின் உப்பால் பொன்னை எளிதில் நீலமாக்க முடியவில்லை.

இதன் காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்லும் வழியும் அன்று இருக்கவில்லை. கண்டதை எழுதி வைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து றிச்சர்ட் சிக்மொண்டி இதைக் கையில் எடுத்து, குறிப்பிட்ட அளவு பொன் கூழைக் குறிப்பிட்ட அளவு உப்பிலிருந்து காக்க எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் வேண்டும் என்று அளந்தார். ஜெலற்றின் மிகக் குறைந்த அளவிலேயே காத்தது. சிக்மொண்டிக்கு 1925 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது.

காரணத்தை நம் பாடத்தின் மொழியில் சொல்கிறேன். பொன் துணிக்கைகளும் மறை ஏற்றம் கொண்டவை. உப்புப் போட்டால் அதன் நேர் அயன்கள் துணிக்கைகளைச் சூழ்ந்துகொண்டு அந்த ஏற்றத்தை மறைத்துவிடுகின்றன. தள்ளும் தூரம் சுருங்குகிறது. துணிக்கைகள் நெருங்கி ஒட்டுகின்றன. ஏற்றத்தை மட்டும் நம்பி நிற்கும் எந்தக் கூழுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. சாதாரண சவர்க்காரம் பூசிய இறப்பர்த் துணிக்கைக்கும் இதே கதிதான். பாலில் கல்சியம், மக்னீசியம் உப்புகள் கூடினால் அது நிலையாக நிற்காது.

ஜெலற்றின் ஒரு புரதம். அதன் சங்கிலியில் நேர் ஏற்றமும் உண்டு, மறை ஏற்றமும் உண்டு. அமினோ அமிலத்தைப் படிக்கும்போது ஒரே மூலக்கூறில் இரண்டு ஏற்றமும் இருப்பதைக் கரும்பலகையில் வரைந்திருப்போமே, அதைத்தான் சொல்கிறேன். பரடே தந்த அயன் என்ற சொல்லோடு இரட்டைத்தன்மையைக் குறிக்கும் சுவிற்றர் என்ற ஜேர்மன் சொல்லைச் சேர்த்து, 1897 இல் கியூஸ்ரர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் சுவிற்றர் அயன் என்று பெயரிட்டார். இறப்பர்த் துணிக்கையின் படலத்திலுள்ள லெசிதினும் இந்த வகைதான். அதன் தலைப்பகுதியில் பொசுபேற்று மறை ஏற்றத்தோடும், பக்கத்திலேயே நைதரசன் நேர் ஏற்றத்தோடும் இருக்கும். கொழுப்பு வால்கள் இறப்பரைப் பற்றிக்கொள்ள, தலை நீரைப் பார்த்து நிற்கும். இறப்பர் மரமும் தன் பாலைக் காக்க இப்படியொரு பொருளை வைத்திருக்கிறது.

இன்று தொழிற்சாலைகளில் பெயின்ற், ஒட்டுப்பசை, கையுறை முதலியவற்றுக்காகப் பல்பகுதியப் பால்களைச் செயற்கையாகவும் தயாரிக்கிறார்கள். அவற்றின் துணிக்கைகளைப் பிரித்து வைக்கச் சேர்க்கும் பொருள்களில் சுவிற்றர் அயன் வகையும் உண்டு. அவற்றில் பீற்றெயின்கள் முக்கியமானவை. உங்கள் ஷம்பூ போத்தலின் பின்புறம் சிறிய எழுத்தில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பீற்றெயினின் தலையில் இரண்டு ஏற்றமும் சமமாக இருப்பதால் மொத்தத்தில் ஏற்றம் பூச்சியம். ஏற்றமே இல்லாதது எப்படித் துணிக்கைகளைத் தள்ளி வைக்கும் என்று கேட்கத் தோன்றும். அந்தத் தலை நீர் மூலக்கூறுகளை மிகவும் இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு துணிக்கைகள் ஒட்ட வேண்டுமானால் நடுவிலுள்ள அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. உப்புப் போட்டாலும் மறைப்பதற்குத் தனி ஏற்றம் இல்லாததால் பாதிப்புக் குறைவு. துணிக்கையின் சொந்த மறை ஏற்றமும் இந்த நீர்ப்படையும் சேர்ந்து நின்றால், சவர்க்காரம் தோற்கும் உப்புநீரிலும் பால் பாலாகவே இருக்கும்.

ஆனால் கவனம் வேண்டும். எல்லாப் பீற்றெயினும் எல்லா இடத்திலும் காக்காது. காபொட்சிலேற்று முனையுள்ள பீற்றெயினை அமிலத்தில் போட்டால் அதன் மறை முனை ஐதரசன் அயனை ஏற்று நடுநிலையாகிவிடும். அப்போது மூலக்கூறில் எஞ்சுவது நேர் ஏற்றம் மட்டுமே. அது மறை ஏற்றமுள்ள துணிக்கையில் போய் ஒட்டினால் துணிக்கையின் ஏற்றத்தை அழித்து, காக்க வந்ததே திரளச் செய்துவிடலாம். சல்போனேற்று முனையுள்ளவை அமிலத்திலும் பெரும்பாலும் இரட்டை ஏற்றத்தோடே நிற்பதால் அங்கே அவை நம்பத்தக்கவை. அளவும் முக்கியம். துணிக்கையின் மேற்பரப்பை மூடப் போதாவிட்டால் வெறுமையான இடங்கள் வழியே ஒட்டல் நடக்கும். புரதத்துக்கும் இதே குணம்தான். அமிலம் கூடக்கூட அதன் இரண்டு ஏற்றங்களும் சமமாகும் ஒரு நிலை வரும், அங்கே இறப்பர் பால் திரளும். தகடு போடுபவர்கள் பாலில் அமிலம் ஊற்றுவது அந்த நிலைக்குக் கொண்டுவரத்தான்.

அந்த அமிலக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகளில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1898, 1899 ஆம் ஆண்டுகளில் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய ஜோன் பார்க்கின் என்ற இளம் விஞ்ஞானி, அந்த மரங்களின் பாலில் அசற்றிக்கமிலம் சேர்த்தால் சீராகத் திரளும் என்று காட்டினார். அதுவரை அமேசன் காட்டில் புகைமேல் பிடித்துத் திரட்டியதை இங்கே ஒரு தட்டில் அமைதியாகச் செய்ய முடிந்தது. நானுஓயாவிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறவர்கள் பேராதனையில் அந்தப் பூங்காவுக்கு அருகாகவே போகிறார்கள்.

இவை எதுவும் நடக்கும்போது பரடே உயிரோடு இல்லை. பொன் ஆய்வை வெளியிட்ட 1857 ஆம் ஆண்டிலேயே ரோயல் சங்கத்தின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். 1858 இல் விக்ரோறியா மகாராணி ஹாம்ப்ரன் கோர்ட்டில் வாழ்நாள் முழுதும் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். 1860 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசிய உரைகள் நூலாகி இன்றும் வாசிக்கப்படுகின்றன. கடைசி ஆண்டுகளில் நினைவு மிகவும் மங்கிவிட்டது. நண்பர்களுக்குத் தொடங்கிய கடிதங்களை முடிக்க முடியாமல் போயிற்று. 1867 ஆகஸ்ட் 25 ஆம் திகதி தம் நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹைகேற் இடுகாட்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் பெயரும், பிறந்த இறந்த திகதிகளும் மட்டும் வெட்டப்பட்டுள்ளன.

அவர் கையால் தயாரித்த பொன் கூழ்களில் சில இலண்டன் ரோயல் நிறுவனத்தில் இன்றும் போத்தலோடு வைக்கப்பட்டிருக்கின்றன. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றில் பொன் அடியில் படியவில்லை, நிறம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.